கையெழுத்துப் போடாத தபால்காரம்மா

அத்தியாயம் ஆறு

"பேனா வேணுமாம்மா?" என்று கேட்டார் போஸ்ட் மாஸ்டர்.

"என்கிட்டயே நாலு இருக்கு சார். இதுக்கு மை செலவு பண்ணத்தான் மனசு வரல," என்றார் தபால்காரம்மா.

மேஜை மேல் ஒற்றைத் தாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் என்னைத் தெருப் பணியிலிருந்து விடுவித்துப் பார்சல் அறைக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று அவருடைய சொந்த விருப்பத்தை வேறு யாரோ டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும் கீழே ஒரு கோடு காலியாக இருந்தது. தபால்காரம்மா தாளை ஒரு விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் போஸ்ட் மாஸ்டரின் டீ டம்ளரில் முட்டி நின்றது.

நானும் அத்தையும் சுவரோரம் தபால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லி நஷ்ட ஈடு கேட்கிறவர்களைப் பிடிக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். இதற்கு முன் பார்த்த வேலைகளையெல்லாம் என் வாயே தின்றுவிட்டது. அத்தை என்னை வைத்துக்கொண்டிருப்பது பாசத்தினால் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு யாரும் இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

தபால்காரம்மா எங்களைக் கூப்பிட்ட விவகாரம் இதுதான். தபால்காரம்மாவின் சுற்றில் நீளமாக ஒரு தெரு. அதில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் திருட்டு. மூன்றுமே ஆட்கள் வெளியூர் போயிருந்தபோது, பட்டப்பகலில், தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில். பூட்டில் ஒரு கீறல்கூட விழாமல் திறந்து, நகைகளை எடுத்துக்கொண்டு, போகும்போது மரியாதையாகப் பூட்டிவிட்டும் போயிருந்தான் திருடன். அந்த மூன்று குடும்பங்களும் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. "நாங்க ஊர்ல இருக்க மாட்டோம், தபாலை நீங்களே வச்சிருங்க" என்று ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார்கள். அந்த ஆள் தபால்காரம்மா.

தெரு சங்கத்தில் கூட்டம் போட்டு, அவரை நிற்க வைத்தே பேசினார்கள். ஆதாரம் இல்லை, ஆனாலும் ஆள் வேண்டாம் என்று முடிவானது. சங்கத் தலைவர் அந்த முடிவைத் தினமும் ஃபோனில் போஸ்ட் மாஸ்டருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சாயந்தரம் ஆபீஸ் மூடுற வரைக்கும் டைம் தரேம்மா," என்றார் போஸ்ட் மாஸ்டர். கெட்டவர் இல்லை, ஃபோன் மணிக்குப் பயந்தவர். "போட்டா பார்சல் ரூம். ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. போடலைன்னா சஸ்பெண்ட், அப்புறம் போலீஸ் விசாரணை. என் கையில ஒண்ணும் இல்ல."

"ஃபேனுக்குக் கீழ போய் உட்கார்ந்தா, திருடிட்டுத்தான் உட்கார்ந்தேன்னு ஆகிடும் சார். நான் வெயில்லயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்த் தன் தபால்களை அடுக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், இவருக்கு வேகம் கூடியது. கவர்கள் பறந்து பறந்து தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. வீட்டு நம்பர் வரிசையில் இல்லை, அவர் கால் போகிற வரிசையில். தெருவின் இடது பக்கம் முழுக்கப் போய், கடைசியில் திரும்பி, வலது பக்கமாகவே வருவார். எந்த நாளும் இந்த ஒழுங்கு மாறாதாம்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. கடுதாசிக்கு வலிக்கப் போகுது," என்றேன்.

"தம்பி, வர்றதுன்னா நட. பேசறதுன்னா இங்கயே இரு."

அத்தை அவரை அப்போதே மிகவும் பிடித்துப்போன மாதிரி பார்த்தார்.

வெளியே வரும்போது அத்தையிடம் கேட்டேன். "பூட்டை எப்படித் திறந்தான்னு ஆரம்பிக்கலாமா?"

"அது அவன் சாமர்த்தியம், நமக்கெதுக்கு. வீடு காலின்னு அவனுக்கு யாரு சொன்னா? அது ஒண்ணைக் கண்டுபிடிச்சா போதும்."

தபால்காரம்மாவின் சைக்கிள் பரிதாபமான பிறவி. மட்கார்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஆனால் கைப்பிடியில் இருந்த பெல் மட்டும் புதுசாக, பளபளவென்று, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"அக்கா, சைக்கிளுக்கும் பெல்லுக்கும் வயசுப் பொருத்தமே இல்லையே."

"பழசு தொண்டை கட்டின மாதிரி கத்தும். தெருவுல ஒரு அண்ணா, பாவம், அவரே புதுசு வாங்கி மாட்டி விட்டார்."

தெருவுக்குள் நுழைந்தோம். முதல் வீட்டு வாசலில் பெல்லை ஒரு தரம் அடித்துவிட்டு நிற்காமல் போனார். அடுத்த வீட்டில் இரண்டு தரம் அடித்து நின்றார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்து கவரை வாங்கிக்கொண்டு போனது.

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் என்ன கணக்கு?" என்று கேட்டார் அத்தை.

"ரெண்டுன்னா தபால் இருக்கு, வாங்கன்னு அர்த்தம் மேடம். ஒண்ணுன்னா இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு."

"இல்லாததுக்கு எதுக்குக்கா மணி?" என்றேன் நான்.

"இல்லைன்னு தெரியாம கேட்கிட்டயே நிப்பாங்க தம்பி. பிள்ளைங்க வெளியூர்ல இருக்கறவங்க, பரீட்சை எழுதிட்டு வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கறவங்க. நான் தெருவை விட்டுப் போனப்புறமும் நிப்பாங்க. இல்லைங்கறதையும் சொல்லிட்டுப் போனா உள்ள போய் அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்கல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

அந்தத் தெரு அன்றைக்கு அவரை நடத்திய விதத்தைப் பார்க்க எனக்குக் கொதித்தது. கதவுகள் சங்கிலி போட்ட அளவுக்குத்தான் திறந்தன. பார்சலை வாங்கிய ஒருவர், தபால்காரம்மா வாசலைத் தாண்டும்வரை அவர் பையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு வளைகிற இடத்தில் இருக்கிற மூலை வீட்டு அம்மாள் பத்திரிகையை இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வாங்கி, கதவை முகத்துக்கு நேராகச் சாத்தினார். தபால்காரம்மா நகரவில்லை. சாத்திய கதவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கும் வருவேம்மா."

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கடிகாரக் கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற பெட்டி மாதிரிக் கடை. கண்ணில் பூதக்கண்ணாடிக் குழலைச் சொருகிக்கொண்டு, ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றுக்குள் குனிந்திருந்தார் கடிகாரக்காரர். தெருவில் லாரி கவிழ்ந்தாலும் தலையை நிமிர்த்தாத மனிதர் என்று பெயர் வாங்கியவராம். இப்போதும் நிமிரவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"வா தங்கச்சி. மூலை வீட்டுக்கு இன்னிக்குத் தபால் இருந்திருக்கே, இப்பவாவது முகம் குடுத்துப் பேசினாங்களா?"

"கதவுதான் பேசிச்சு அண்ணா."

"விடு. அத்தனை பேர் கூடியிருந்தாங்க, இந்தப் பொண்ணு நெருப்புன்னு நான் ஒருத்தன்தானே சொன்னேன். எவன் கேட்டான்? எது வந்தாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாத. நீ வராத தெரு ஒரு தெருவா?"

தபால்காரம்மாவின் முகம் அன்று முதல் தடவையாக இளகியது. "பெல் வாங்கிக் குடுத்தது இவர்தான் மேடம்," என்று அத்தையிடம் சொன்னார். பிறகு அவரிடம், "போட மாட்டேண்ணா. ஆனா போடலைன்னா நாளைலேருந்து சஸ்பெண்டாம். எப்படிப் பார்த்தாலும் இன்னிக்குத்தான் கடைசின்னு வச்சுக்குங்க," என்றார்.

கடிகாரக்காரரின் கையிலிருந்த இடுக்கி ஒரு நொடி நின்றது. "இன்னிக்கேவா? அடப் பாவமே," என்றார்.

அவர் தலைக்கு மேலே பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று தொங்கியது. பெண்டுலம் ஆடவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "ஊர்க் கடிகாரத்துக்கெல்லாம் வைத்தியம் பண்றீங்க. சொந்தக் கடிகாரம் மூச்சு விட மாட்டேங்குதே?"

"உள்ள பல்லெல்லாம் தேஞ்சு போச்சு தம்பி. அழகுக்கு மாட்டி வச்சிருக்கேன்."

அத்தை இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. கடை வாசலில் நின்றுகொண்டு நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை அங்க?"

"தெரு வளையுதுடா," என்றார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிகிற விஷயத்தை என் அத்தை இவ்வளவு கவலையோடு சொன்னதில் எனக்கும் கவலை வந்துவிட்டது.

தெருக்கோடியில் திரும்பி வலது பக்கமாக வர ஆரம்பித்தோம். ஒரு தரம், இரண்டு தரம், ஒரு தரம். பிறகு நீல கேட் போட்ட ஒரு வீடு வந்தது. தபால்காரம்மா மணி அடிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நில்லுங்க," என்றார் அத்தை. "இங்க?"

"இங்க தபால் இல்ல மேடம்."

"இல்லைன்னாலும் ஒரு மணி உண்டே."

தபால்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். "யாரு ஊர்ல இருக்காங்க, யாரு இல்லைங்கறதை என் வாயால சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க. இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொன்னதில்ல."

"நீங்க சொல்லவே வேணாம்மா." அத்தையின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "கடைக்குப் போனவங்க வீட்டுக்குக்கூட அடிக்கறீங்க. உள்ள வேற யாராவது இருப்பாங்கன்னு. அடிக்காம தாண்டறது வெளியூர் போனவங்க வீட்டை மட்டும்தான். இல்லையா?"

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கை பெல்லின் மேலேயே உறைந்து நின்றது.

"உங்க வரிசை மாறாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணியாவது உண்டு. அப்ப ஒரு வீட்டுக்கு மட்டும் மணி வராம போனா, காதைத் தீட்டி வச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருக்கறவனுக்கு அது எந்த வீடுன்னு தெரிஞ்சிடும். தெருவுல எல்லாரும் மணியைக் கேட்டாங்க. ஒருத்தன் மட்டும் மணி இல்லாததைக் கேட்டிருக்கான்."

தபால்காரம்மா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றார். திருடி என்று ஊரே சொன்னபோது கலங்காத கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. மூன்று வீட்டையும் தான்தான் காட்டிக் கொடுத்தோம் என்பது அவருக்கு அவ்வளவு பெரிய அடி. எனக்குப் பொறுக்கவில்லை, எதையாவது உளறினேன்.

"சங்கத் தலைவர்தான் அத்தை. நாள் பூரா மாடியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் காதுல விழாத மணியா?"

"அவர் இல்ல. ஏன்னு அப்புறம் சொல்றேன். அவர் வீடு எது?"

"இன்னும் மூணு வீடு தள்ளி," என்றார் தபால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கு ஆளை மாடியில காணோம். உள்ள இருப்பார்."

"நல்லது." அத்தை கையை நீட்டி, நீல கேட் வீட்டுக்காக பெல்லை ஒரு தரம் அடித்தார். "அவன் கணக்குல இந்த வீட்டுல இப்ப ஆள் வந்தாச்சு. நீங்க என்ன பண்றீங்க, தலைவர் வீட்டை மட்டும் அடிக்காம தாண்டிப் போங்க. இன்னிக்கு உங்களுக்குக் கடைசி நாள்னா அவனுக்கும் கடைசி நாள்தான். நாளைலேருந்து மணி கேக்காது. அதனால இன்னிக்கே வருவான்."

"தலைவருக்கு ரெண்டு தபால் இருக்கு மேடம். குடுக்காம தாண்ட முடியாது."

"என்கிட்ட குடுங்கக்கா, நான் பின்பக்கமா போய்..."

"யார் கையிலயும் குடுக்க மாட்டேன். சுத்தை முடிச்சிட்டு நானே பின்பக்கமா வந்து குடுப்பேன்."

அப்படித்தான் நடந்தது. தலைவர் வீட்டு வாசலைச் சைக்கிள் சத்தமில்லாமல் தாண்டியது. நானும் அத்தையும் பின்சந்தில் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினோம். தலைவரே திறந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் வீட்டுக்கு இன்னிக்கு ஏன் மணி அடிக்கல? இதையும் சேர்த்துப் புகார் எழுதறேன்."

அத்தை அவரை உட்கார வைத்து, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நீங்க சொன்னது சரியா தப்பான்னு இன்னிக்கே தெரிஞ்சிடும். தெருக்கதவை வெளிய பூட்டிட்டு நாம உள்ள இருக்கணும். ஒரு ரெண்டு மணி நேரம் நீங்க வாயைத் திறக்கக் கூடாது," என்றார்.

"கல்யாணம் ஆன நாளா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் தலைவரின் மனைவி, பூட்டை என் கையில் கொடுத்தபடி.

நான் வாசல் பூட்டைப் பூட்டிவிட்டுச் சந்து வழியாகத் திரும்பி வந்தேன். ஜன்னல்களைச் சாத்தினோம். எல்லோரும் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு நின்றோம். தலைவர் என் காலை மிதித்தார், நான் அதைத் தெரு சங்கத்தின் அதிகாரபூர்வமான தீர்மானமாக எடுத்துக்கொண்டேன்.

சுற்று முடித்துத் தபால்காரம்மா வந்தார். முதல் வேலையாக இரண்டு கவர்களைத் தலைவரிடம் நீட்டினார். இன்னொரு கையில் பெல் இருந்தது. கைப்பிடியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"எதுக்குக்கா இது?"

"வீடு வீடா கோள் சொன்ன நாக்கு தம்பி. இனிமே என் சைக்கிள்ல இருக்காது."

தெரு சாப்பிட்டு ஓய்ந்தது. எங்கேயோ ஒரு ரேடியோ பாடி நின்றது. எனக்குப் பசித்தது, வயிறு காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்போது வாசல் பூட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, நகத்தால் சுரண்டுகிற அளவுக்குத்தான். கதவு திறந்து மூடிக்கொண்டது. செருப்பில்லாத கால்கள் நேராகப் படுக்கையறைக்கு வந்தன. பீரோ முன்னால் ஒரு உருவம் மண்டியிட்டு உட்கார்ந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு கையும், அதிலிருந்த மெல்லிய கம்பியும்தான்.

பீரோ கதவு திறந்தது.

டிங். டிங்.

அத்தனை அமைதியில் அந்தச் சத்தம் இடி மாதிரி விழுந்தது. தபால்காரம்மா இடுக்கிலிருந்து வெளியே வந்து நின்றார். நான் விளக்கைப் போட்டேன்.

பூதக்கண்ணாடிக் குழல் நெற்றிக்கு மேல் ஏறியிருக்க, கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி நான் பார்த்தேன்.

தபால்காரம்மா பெல்லைப் பிடித்த கையைக் கீழே இறக்கவில்லை. "ரெண்டு அடிச்சா தபால் இருக்குன்னு அர்த்தம்," என்றார். "இந்தாங்க, உங்களுக்குத்தான்." பெல்லை அவர் முன்னால் தரையில் வைத்தார்.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அந்த வார்த்தையை எடுக்காதீங்க. அத்தனை பேர் என்னைத் திருடின்னு சொன்னப்ப நான் அழல. நீங்க ஒருத்தர் இல்லைன்னு சொன்னீங்களே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அதை நினைச்சாத்தான் எனக்கு இப்ப வயிறு எரியுது."

தலைவர் ஃபோனில் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். நான் வழியில் நின்றுகொண்டேன். என் வீரத்தைவிட உடம்பு பெரியது, அது போதுமானதாக இருந்தது.

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மூலை வீட்டுக்கு இன்னிக்குத் தபால் இருந்ததுன்னு அவர் சொன்னாரே. தலையே நிமிராத ஆளு. நிமிர்ந்திருந்தாலும் தெரியாது, தெரு அங்க வளையுது. அப்ப ரெண்டு மணியை எண்ணித்தானே சொல்லியிருக்கணும்? அப்பவும் நான் முழுசா நம்பல. காது நல்லா கேக்கறது குத்தமான்னு விட்டுட்டேன். நீல கேட் வீட்டுல மணி அடிக்கலைன்னதும்தான் எல்லாம் சேர்ந்துச்சு. மணியைக் கேட்டுத் திருடறவன், மணி அடிக்கறவங்களைத் தெருவை விட்டு அனுப்பச் சொல்வானா? தலைவர் போகச் சொன்னார், அதனால தலைவர் இல்ல. ஊரே போகச் சொல்லிச்சு. போகாதேன்னு சொன்னது யாரு? சத்தம் தெரு முழுக்கக் கேக்கட்டும்னு பெரிய பெல்லா வாங்கி மாட்டினது யாரு?"

தலைவர் தன்னைக் குற்றவாளி இல்லை என்று நிரூபித்தது தன் கெட்ட குணம்தான் என்பதைப் புரிந்துகொள்ள முயன்றார். அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தார்.

போலீஸ் வந்து கடையைத் திறந்ததும் நான் நேராகப் போய் அந்த ஓடாத சுவர்க்கடிகாரத்தைக் காட்டினேன். உள்ளே பல் சக்கரம் எதுவும் இல்லை. மூன்று வீட்டு நகையும் துணியில் சுற்றி இருந்தது. கடிகாரத்துக்கு மூச்சு முட்டியது ஏன் என்று தெரிந்தது. இந்த வழக்கில் இந்த ஒரு விஷயம் என் கண்டுபிடிப்பு என்று எழுதி வைக்கும்படி அத்தையைக் கேட்டேன். அத்தை காதில் வாங்கவில்லை.

சாயந்தரம் தபால் ஆபீஸ். போஸ்ட் மாஸ்டர் பழைய தாளை எங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி வேறொரு தாளை எடுத்தார்.

"இது சும்மா ஒரு வரிம்மா. 'இனி கவனமாக நடந்துகொள்வேன்'னு எழுதிக் குடுத்தா, மேல கேட்டா நான் காட்டிக்குவேன்."

தபால்காரம்மா அந்தத் தாளையும் ஒரு விரலால் தள்ளினார். அது காலையில் போன அதே வழியில் போய் டம்ளரில் முட்டியது.

"கவனமா இல்லாத நாள் எதுன்னு சொல்லுங்க சார், எழுதித் தரேன்."

கூட வந்திருந்த சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கம் இல்லாததால் பக்கத்தில் இருந்த வார்த்தைகளையெல்லாம் மென்று முழுங்கினார். கடைசியில், "எதுக்கு வம்பு, இனிமே மணியே அடிக்காம தபாலைப் பெட்டியில போட்டுட்டுப் போயிடுங்களேன். எல்லாருக்கும் பாதுகாப்பு," என்றார்.

"எவனோ திருடினதுக்கு நான் ஏன் வாயை மூடிக்கணும்?" என்றார் தபால்காரம்மா. குரல் உயரவில்லை, ஆனால் கவுண்டருக்கு வெளியே ஸ்டாம்ப் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அடிக்கத்தான் செய்வேன். இது வரைக்கும் ஆள் இருக்கற வீட்டுக்கு அடிச்சேன். நாளைலேருந்து பூட்டின வீட்டுக்கும் அடிப்பேன். எவன் வேணா எண்ணிப் பார்க்கட்டும், எந்த வீடும் விட்டுப் போகாது."

போஸ்ட் மாஸ்டரின் ஃபோன் அடித்தது. முதல் தடவையாக அவர் அதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை நானும் அந்தத் தெருவுக்குப் போனேன். வழக்கு முடிந்துவிட்டது, போக வேண்டிய அவசியம் இல்லை. போகணும் என்று தோன்றியது, அவ்வளவுதான். சைக்கிளில் பழைய பெல் மறுபடி ஏறியிருந்தது. தொண்டை கட்டின கோழி மாதிரி அது கத்திய கத்தலில் நாய்கள்கூட ஒதுங்கிக்கொண்டன. ஆனால் வாசலுக்கு வாசல் அடித்துக்கொண்டே வந்தார். கதவுகள் சங்கிலி இல்லாமல் திறந்தன. சிலர் தரையைப் பார்த்துக்கொண்டே கவரை வாங்கினார்கள்.

மூலை வீட்டில் தபால் இல்லை. ஒரு மணி அடித்தார். அப்படியும் அந்த அம்மாள் வெளியே வந்தார். கையில் தண்ணீர்ச் சொம்பு.

"குடிச்சிட்டுப் போயேம்மா."

தபால்காரம்மா சொம்பைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்மா, மனசு வரல. நாளைக்கும் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வளைவு தாண்டியதும் கடிகாரக் கடை. ஷட்டரில் போலீஸ் வைத்த சீல் தொங்கியது. அவர் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். சைக்கிளிலிருந்து இறங்கினார். தினமும் தண்ணீர் பாட்டில் வருகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெல்லை ஒரு தரம் அடித்தார்.

"உள்ள யாரும் இல்லையேக்கா," என்றேன்.

"தெரியும் தம்பி. பூட்டின வீட்டுக்கும் உண்டுன்னு சொன்னேன்ல."

சைக்கிளை நகர்த்திக்கொண்டு போய் அடுத்த வாசலில் நின்று, இரண்டு தரம் அடித்தார்.